இடக் குழாயின் பேச்சு

முதலில் குற்றம் செய்தவன் நாச்சிமுத்து. மற்றவர்களெல்லாம் அவனுக்குப் பிறகுதான். ராக்கியண்ணன் தன் மனசுக்குள் குற்றவாளிகளைப் பந்தி போட்டு வரிசையாக உட்கார வைத்திருந்தார். பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திய பெரியப்பா, வாய்க்கால் ரோட்டைத் தோண்டிப் போட்டுவிட்டுப் போனவர்கள், அளவு குறைத்துத் தைத்த தையல்காரன் என்று அந்தப் பந்தி நீளமாகத்தான் இருந்தது. ஆனால் தலைவாழை இலை போட்டு முதல் ஆளாக உட்கார்ந்திருந்தவன் அவருடைய மச்சினன், மனைவி பாவாத்தாளின் கூடப்பிறந்த தம்பி நாச்சிமுத்துதான்.

அவன் செய்தது இதுதான். அவனுடைய மூத்த மகள் கல்யாணத்தன்று மண்டபத்து வாசலில் சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நின்று, பால்காரனையும் பந்தல்காரனையும் வழி தவறி வந்த வேறு கல்யாணத்துச் சனத்தையும்கூட வாங்க என்று கூப்பிட்டவன், அக்கா புருஷன் காரை விட்டு இறங்கி எதிரில் போய் நின்றபோது மட்டும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. ராக்கியண்ணன் நின்றார். நின்று பார்த்தார். அப்புறம் அப்படியே திரும்பி, சீர்த்தட்டோடு இறங்கியிருந்த பாவாத்தாளை மறுபடி வண்டியில் ஏற்றி, பச்சைத் தண்ணி குடிக்காமல் வீடு வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து அந்த வீட்டு வாசலை அவரும் மிதிக்கவில்லை, அவளையும் மிதிக்க விடவில்லை.

நாச்சிமுத்துவைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வான். "நான் சொன்னனுங்க. மச்சான் வண்டி போட்ட சத்தத்துல அவருக்குக் கேக்கல. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?" என்பான். அன்றைக்கு வண்டி சத்தம் போட்டது உண்மைதான். வாய்க்கால் ரோட்டுப் பள்ளத்தில் இறங்கி ஏறியபோது சைலன்சர் அடியில் தட்டி வாயைப் பிளந்துவிட்டது. அணைத்தால் மறுபடி கிளம்புமோ கிளம்பாதோ என்று ராக்கியண்ணன் எஞ்சினை ஓடவிட்டபடியேதான் மண்டபத்து வாசலில் இறங்கினார்.

ஊத்துக்காட்டுப்புதூரில் கேட்கவில்லை என்று சொல்ல யாரும் வெட்கப்படுவதில்லை. ஊர் முழுக்க விசைத்தறி. கோழி கூவும் முன்பே ஓட ஆரம்பிக்கும் தறிகள் ஒவ்வொரு வீட்டுப் பக்கவாட்டிலும் தடதடவென்று அடித்துக்கொண்டிருக்க, அந்தச் சத்தத்துக்குள்தான் பிள்ளைகள் பிறந்தார்கள், பெரியவர்கள் செத்தார்கள், சண்டை மூண்டது, சமாதானம் ஆனது. செய்யாததற்கும் மறந்ததற்கும் "தறிச் சத்தத்துல கேக்கலீங்க" என்ற ஒரு வரி போதும். தறியில் நிற்கிற பெண்கள் காதை நம்பிப் பிழைப்பதே இல்லை. எதிர்த்தறிக்காரியின் உதட்டைப் பார்த்தே முழுக் கதையும் பேசி முடித்துவிடுவார்கள். பாவாத்தாளும் சின்ன வயசிலிருந்து தறியில் நின்றவள்தான். ராக்கியண்ணன் தறிக்காரர் இல்லை. மில் முதலாளி வீட்டிலிருந்து வாங்கிய பழைய கான்டெஸா காரைக் கல்யாண வண்டியாக ஓட்டினார். சுற்றுப்பட்டில் மாப்பிள்ளை அழைப்பு என்றால் அந்த நீள வண்டிதான். ரோஜாச் சரமும் மாவிலையும் கட்டி, மேளத்துக்குப் பின்னால் அது ஊர்ந்து வருவதைப் பார்த்தால்தான் பெண் வீட்டுக்காரர்களுக்குக் கல்யாணம் நடக்கப்போகிறது என்ற நம்பிக்கையே வரும்.

இப்போது நாச்சிமுத்துவின் இளைய மகளுக்கும் கல்யாணம் முடிவாயிருந்தது. சேதி வந்த நாளிலிருந்து பாவாத்தாள் பெட்டியைத் திறப்பதும் பட்டுப்புடவையை எடுத்து உதறுவதும் மடித்து வைப்பதுமாக இருந்தாள். ராக்கியண்ணன் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தார். வண்டிச் சாவியை விரலில் மாட்டிச் சுற்றினார், நிறுத்தினார், மறுபடி சுற்றினார்.

"கூப்பிட்டாப் போவீங்களா, மாட்டீங்களா?" என்றாள் பாவாத்தாள்.

"கூப்பிடட்டும். ஆனா மறுக்காவும் சத்தத்துல கேக்கலைன்னு ஒருத்தன் சொல்ற மாதிரி நான் போகமாட்டேன். வண்டியே வந்தது தெரியாத மாதிரி போய் நிப்பேன். அப்பச் சொல்லட்டும், சொல்லாமப் போகட்டும், ஊருக்கே தெரிஞ்சுபோகும்."

மறுநாள் அவர் போய் நின்றது பல்லடம் ரோட்டில் சைலன்சர் வேலை செய்யும் சிக்கந்தர் பாய் பட்டறையில். பாய் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, துருத்தூளைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"முழுசும் மாத்தணும்ணே. ஒத்தைக் குழாய் போடட்டுமா, ரெட்டைக் குழாயா?"

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"ஒத்தைன்னா எடை கம்மி. வேகத்தடையில தட்டாது. மேடேறும்போது இழுவை நல்லாருக்கும். ரெட்டைன்னா பின்னால ரெண்டு பக்கமும் பளபளன்னு தெரியும், வண்டி கொஞ்சம் தாராளமா மூச்சு உடும், சத்தமும் கணீர்னு வரும். ஆறு சிலிண்டர், எட்டு சிலிண்டர் வண்டிக்கு அதுல அர்த்தம் இருக்குது. உங்களுது நாலு. ஒத்தையே போதும். இப்ப ரெட்டை கேட்டு வர்றதெல்லாம் இளவட்டப் பசங்க, ஷோவுக்கு."

ராக்கியண்ணன் யோசித்தார். "இதுக்குப் பேரென்ன பாய்?"

"சைலன்சர்."

"சைலன்சுன்னா?"

"சத்தம் போடாம இருக்கறது."

"எங்க வாத்தியாரு அதைத்தான் கத்திட்டே இருப்பாரு. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசு அது ஒண்ணுதான். ஒரு சைலன்சர் போட்டா ஒரு பங்கு அமைதி. ரெண்டு போட்டா ரெண்டு பங்கு. இதுல என்ன ரோசனை?"

"அது அப்படிக் கெடயாதுங்ணே. வழி ரெண்டானா..."

"கதவுக்கு ரெண்டு தாழ்ப்பாள் போட்டா கதவு சாத்திக்குமா, தொறந்துக்குமா?"

பாய் மறுபடி வண்டிக்கு அடியில் போனார். ரெட்டைக் குழாயே போட்டார். பட்டறையில் எஞ்சினை முடுக்கிப் பார்த்தபோது ஏதோ முணுமுணுத்தார். எஞ்சின் சத்தத்தில் அது ராக்கியண்ணனுக்குக் கேட்கவில்லை.

வண்டி ஊருக்குத் திரும்பி வந்தது. வலக் குழாயில் எஞ்சின் சத்தம் பூனை பால் குடிப்பது மாதிரி மெதுவாக வந்தது. ராக்கியண்ணனுக்கு ஒரு திருப்தி. வீட்டு வாசலில் நிறுத்திக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது இடக் குழாய், சிக்கந்தர் பாய் குரலில், "இந்தாளுக்கு ஆண்டவனே வந்து சொன்னாலும் ஏறாது" என்றது.

கோன் நூலைச் சாக்கில் அடுக்கிக்கொண்டிருந்த பாவாத்தாள் எட்டிப் பார்த்தாள். "பாயும் கூட வந்திருக்காருங்களா?"

"இல்ல. குழாய்."

"அப்ப டீ ஒண்ணு போதும்" என்று உள்ளே போனாள்.

அவள் டீயோடு வருவதற்குள் குழாய் இன்னும் நாலு பேச்சைப் பேசியிருந்தது. போன முகூர்த்தத்தில் பின்சீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு மாப்பிள்ளை, புதுச் செருப்பு கடிக்கிறது என்று நண்பனிடம் சொன்னது. டீக்கடைப் பக்கம் வண்டி போகும்போது கடைக்காரர், "இவனும் ஓயமாட்டான், இவன் வண்டியும் ஓயாது" என்று சொன்னது. அந்த வண்டி இத்தனை வருஷமாகத் தன் சத்தத்தில் முழுங்கியதையெல்லாம் இடப் பக்கமாகத் திருப்பிக் கொடுக்கிறது என்பது டீ ஆறுவதற்குள் ராக்கியண்ணனுக்குப் புரிந்துவிட்டது. கடைசியாக முழுங்கியது முதலில் வந்தது, மூட்டையில் கடைசியாகப் போட்டது முதலில் கைக்கு வருகிற மாதிரி.

மறுநாள் காலையிலேயே கருப்பாத்தாள் வந்துவிட்டாள். அவள் புருஷன் போன ஆடியில் தறிப்பட்டறையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், எழவில்லை. அதற்குக் கொஞ்ச நாள் முந்தி, அவள் சந்தைக்குப் போகும்போது பின்னாலிருந்து ஏதோ கூப்பிட்டுச் சொன்னான். சரியாக அப்போதுதான் கல்யாண வண்டி குறுக்கே போனது. என்ன சொன்னான் என்று கேட்க மறந்துவிட்டாள். கான்டெஸாவுக்குப் பின்னால் ஒரு சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்தாள். சீக்கிரம் வரவில்லை. மத்தியானச் சாப்பாட்டை அங்கேயே கொண்டுவரச் சொல்லிச் சாப்பிட்டாள். பொழுது சாயும் நேரத்தில் இடக் குழாய் அவன் குரலில், "முருங்கக்காய் வாங்கிட்டு வா, பிஞ்சாப் பாத்து" என்றது. அவள் எழுந்து சாக்கை உதறி மடித்துக்கொண்டு நேராகக் காய்கடைக்குப் போனாள். அன்று அவள் வீட்டில் முருங்கைக்காய்க் குழம்பு. ருசி எப்படி என்று அக்கம்பக்கத்தில் கேட்டதற்கு, "பிஞ்சுதான் போட்டேன், குத்தம் சொல்ல முடியாது" என்றாள்.

அதற்கப்புறம் ஊரே வந்தது. வரிசை வந்தது, வரிசையில் சண்டை வந்தது, சண்டையை விலக்கப் பூசாரி செல்லாண்டியப்பன் வந்தார். வந்தவர் இடக் குழாய்க்கு மஞ்சள் பூசி, வேப்பிலை செருகி, வலக் குழாய் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று அதற்கும் ஒரு பொட்டு வைத்து, செருப்போடு யாரும் பின்பக்கம் போகக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். தறி ஓட்டுகிறவர்கள் ஷிப்டு மாற்றிக்கொண்டு வந்தார்கள். குழாய் பேசியதைக் கேட்டு ஒரு சம்பந்தம் முறிந்தது, ஒரு சம்பந்தம் கூடியது. கோவில் நோம்பித் திருவிழாக் கூட்டத்தில் வண்டி போகும்போது தேங்காய்க்கடைக்காரர் மகள் ஒரு பையனிடம் சரி என்று சொல்லியிருந்தாள். அது கேட்காமல் அந்தப் பையன் அவளை மறந்துவிடப் பிரயாசைப்பட்டுத் திருப்பூருக்கு வேலைக்கே போயிருந்தான். இப்போது பஸ் ஏறித் திரும்பி வந்தான். ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பஞ்சாயத்து வரவும், குழாய் சொன்னதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது, ஆனால் காது உள்ளவன் கேட்டுக்கொள்வதைத் தடுக்கவும் முடியாது என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். புகைப் பரிசோதனைக்காரர் வலக் குழாயில் கருவியை விட்டுப் பார்த்துச் சரி என்றார். இடக் குழாயில் விட்டார், அது அவரை யாரோ எப்போதோ திட்டியதைச் சொன்னது. "இதுல பொகையே இல்லீங்க, பேச்சுத்தான் இருக்குது. இதுக்கு எங்க மிஷின்ல எடமில்ல" என்று கருவியைச் சுருட்டிக்கொண்டார்.

ஊர் இப்படிப் பழகிக்கொண்டது. பழகாதவர் ராக்கியண்ணன் ஒருத்தர்தான். குழாய் பேசப் பேச, இந்த வருஷத்துப் பேச்சு தீர்ந்தது, போன வருஷத்துப் பேச்சு தீர்ந்தது, அதற்கும் முந்தைய வருஷத்துக் கல்யாணங்கள் பின்னாலிருந்து முன்னால் ஓடின, மணப்பெண்கள் புருஷன் வீட்டிலிருந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பினார்கள், மேளம் முடிவிலிருந்து ஆரம்பத்துக்குப் போனது. ஒரு நாள் டீக்கடையில் யாரோ விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "ஏப்பா, இது போற போக்குல இன்னும் கொஞ்ச நாள்ல நாச்சிமுத்து மூத்த புள்ள கல்யாணத்துக்கு வந்துருமே" என்றார். எல்லாரும் ராக்கியண்ணனைப் பார்த்தார்கள். அவர் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனார்.

நாச்சிமுத்துவிடமிருந்து பூசாரி மூலமாகச் சேதி வந்தது. "குழாய் அந்த நாளைக்கு வரட்டும். நான் சொன்ன வாங்க அதுக்குள்ள பத்தரமா இருக்குது. அது வெளிய வந்த மறுநிமிசம் வெத்தலை பாக்குத் தட்டோட மச்சான் முன்னால நிப்பேன். வரலைன்னா நான் பொய்யன், என்னைக் கேக்க வேண்டியதில்ல."

கேட்டவர்களுக்கெல்லாம் இது நியாயமாகத் தோன்றியது. பாவாத்தாள் புடவையை மடிக்காமல் கொடியிலேயே தொங்கவிட்டாள். தறி நின்றால்தான் சரியாகக் கேட்கும் என்பதால், மின்வாரியத்தார் மாதம் ஒரு தடவை பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்துகிற நாளன்று எல்லாரும் கூடிக் கேட்பது என்று முடிவானது. கல்யாணத்துக்கு முன்னால் அப்படி ஒரு நாள் இருந்தது.

ராக்கியண்ணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் கால் ஆடியது. நின்றால் கை சாவியைத் தேடியது. அந்த வாங்க வராது என்று அவர் நம்பினார். நம்பிக்கை இருக்கிறவன் ஏன் இப்படி நடக்கிறான் என்று தன்னையே கேட்டுக்கொண்டு நடந்தார். ஒருவேளை வந்துவிட்டால்? அத்தனை வருஷம் பந்தியில் முதல் இலையில் உட்கார வைத்திருந்தவனை எழுப்பி அனுப்பிவிட்டு அந்த இடத்தில் யாரை உட்கார வைப்பது? போகாத பொங்கல்கள், போகாத காதுகுத்துகள், பாவாத்தாளின் அம்மா செத்தபோது சுடுகாட்டு முக்கில் தனியாக நின்று திரும்பியது, இதெல்லாம் அப்போது யார் செய்த குற்றம் என்று ஆகும்? அதற்கு மேல் அவர் யோசிக்கவில்லை. காலைக் கழுவிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

மின்சாரம் நிற்கிற நாள் காலையில், பட்டறையைத் திறந்துகொண்டிருந்த சிக்கந்தர் பாய் முன்னால் கான்டெஸா போய் நின்றது.

"ஒத்தையாக்கிடு பாய்."

"நான் அப்பவே சொன்னேன்."

"சொன்னதைத்தான் குழாயே சொல்லிருச்சே. இப்ப வேலையைப் பாரு."

பாய் மஞ்சளையும் வேப்பிலையையும் பார்த்துக்கொண்டு நின்றார். "எந்தப் பக்கத்தை அடைக்கட்டும்?"

"பேசற பக்கத்தை."

"அடைக்கலாம்ணே. ஆனா ஒண்ணு. உள்ள இருக்கறது உள்ளயே நிக்காது. ரெண்டு வழியில தனித்தனியா வந்ததெல்லாம் இனி ஒரே வழியில முட்டிமோதிட்டு வரும். சத்தமும் பேச்சும் கலந்துபோகும். எது பேச்சு, எது எஞ்சினுன்னு உங்களுக்கே தெரியாது."

"தெரியாமப் போறது எனக்குத் தெரிஞ்சதுதான். அடை."

பாய் பிஸ்மில்லா சொல்லி வேப்பிலையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, ஒரு இரும்பு வட்டத்தை வெட்டி இடக் குழாயின் வாயில் வைத்துப் பற்றவைத்தார்.

ராக்கியண்ணன் ஊருக்குத் திரும்பியபோது ஊர் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தறி நின்ற ஊரில் புறா குனுகுவது கேட்டது, யாரோ கிணற்றடியில் பாத்திரம் கழுவுவது கேட்டது, தூரத்தில் ஒரு குழந்தைக்கு இருமல். அவருடைய வாசலில் ஊர் முழுக்கப் பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. நாச்சிமுத்துவும் வந்திருந்தான். வெள்ளை வேட்டி, கையில் வெற்றிலைபாக்குத் தட்டு, தட்டின் மேல் மூடிய துண்டு. அக்காளைப் பார்த்தான், மச்சானைப் பார்க்கவில்லை. அடைத்த குழாயைப் பூசாரிதான் முதலில் பார்த்தார்.

"என்னுங்க இது?"

"வேகத்தடையில தட்டுது. ஒத்தையே போதும்னு பாய் சொன்னாரு."

"இன்னிக்கா?"

"என் வண்டி இது. நான் எப்ப வேணா அடைப்பேன்."

கூட்டம் முணுமுணுத்தது. நாச்சிமுத்து தட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். "ஓட்டச் சொல்லுங்க பூசாரி. ஒரு வழி இருந்தாப் போதும், நான் சொன்ன வார்த்தை வந்துரும்" என்றான். ராக்கியண்ணனும் அவனோடு நேராகப் பேசவில்லை. "ஓட்டறேன்னு அவன்கிட்டச் சொல்லுங்க" என்று பூசாரியிடம் சொல்லிவிட்டு ஏறிச் சாவியைத் திருப்பினார்.

வலக் குழாய் பூனை மாதிரி இல்லை இப்போது. கல் கலந்த அரிசியைப் புடைப்பது மாதிரி இருந்தது. எஞ்சினின் தடதடப்புக்கு நடுவே பேச்சு உடைந்து உடைந்து வந்தது. கொஞ்ச நேரத்தில் எல்லாருக்கும் தெரிந்த குரல் ஒன்று, ஆனால் இப்போதைவிட இளசாக, "பசிக்குதுங்க" என்றது. பாவாத்தாளின் குரல். மூத்தவள் கல்யாணத்தன்று திரும்பி வரும் வழியில் சொன்னது. ராக்கியண்ணன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மேளம் துண்டுதுண்டாகக் கேட்டது. மண்டபத்துச் சனம், செருப்பைக் காணோம் என்கிற ஒருத்தர், பன்னீர்ச் செம்பு எங்கே என்கிற ஒருத்தர். கூட்டத்தில் பின்னாலிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

அப்போது நாச்சிமுத்துவின் குரல் வந்தது. சந்தேகமே இல்லாமல் அவன் குரல்.

"வா" என்றது. உடனே எஞ்சின் ஒரு தடவை இருமியது. மிச்சத்தை அந்த இருமல் எடுத்துக்கொண்டது. இருமல் அடங்கியபோது குழாய் மண்டபத்தை விட்டே இன்னும் பின்னோக்கிப் போய்விட்டிருந்தது, வாய்க்கால் ரோட்டில் சைலன்சர் பிளக்கிற சத்தம் வந்துகொண்டிருந்தது.

ராக்கியண்ணன் அணைத்தார். நாச்சிமுத்துதான் முதலில் பேசினான், முகமெல்லாம் சிரிப்பாக.

"கேட்டுக்குங்க. வாங்க மச்சான்னு சொல்லியிருக்கறன். முக்கால் வாசி கேட்டுச்சு."

"எங்க கேட்டுச்சு? வா-ன்னு கேட்டுச்சு" என்றார் ராக்கியண்ணன், பூசாரியைப் பார்த்து. "நாயைக் கூப்பிடறவனும் வா-ன்னுதான் சொல்வான். 'ங்க' எங்கன்னு அவனைக் கேளுங்க."

"'ங்க' நீங்க அடைச்ச குழாய்ல இருக்குது" என்றது கூட்டத்தில் ஒரு குரல். சிரிப்பு எழுந்தது. ராக்கியண்ணன் சிரித்தது யார் என்று பார்த்து வைத்துக்கொண்டார்.

ஊர் ரெண்டாகப் பிரிந்தது. வாங்க என்று கேட்டதாகப் பாதிப் பேர், வா என்று கேட்டதாகப் பாதிப் பேர். அக்கா புருஷனை வா என்று யாராவது கூப்பிடுவானா என்று ஒரு பக்கம். அவன் கூப்பிட்டாலும் கூப்பிடுவான், எங்கள் மாமனையே ஒரு தடவை அப்படிக் கூப்பிட்டான் என்று இன்னொரு பக்கம். பேச்சு முற்றி, பாய்களை மிதித்துக்கொண்டு எழுந்து, பூசாரி ரெண்டு கையையும் தூக்கியபோது, பாவாத்தாள் வண்டிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"அது எனக்குச் சொன்னதுங்க."

யாருக்கும் புரியவில்லை.

"அன்னிக்கு நான் இந்தப் பக்கமா எறங்குனேன், தட்டோட. அவன் என்னைத்தான் பாத்தான். 'வாக்கா'ன்னான். நான் தறிக்காரி. காதுல கேக்கலைன்னாலும் வாயைப் பாத்தேன்."

"வாங்கன்னாலும் வாக்கான்னாலும் வாய் ஒரே மாதிரிதானே அக்கா அசையும்" என்றான் நாச்சிமுத்து. குரல் இறங்கியிருந்தது. "நான் வாங்கன்னுதான் சொன்னேன். எனக்கு நெனப்பிருக்குது." அப்புறம், "இருக்குதுன்னு நெனைக்கறேன்" என்றான்.

"வாய் ஒரே மாதிரி அசையும். கண்ணு யாரைப் பாத்துச்சுன்னு எனக்குத் தெரியாதா?"

ராக்கியண்ணன் வண்டியை விட்டு இறங்கினார். பல வருஷம் கழித்து மனைவியை முதல் தடவையாகப் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார். "உன்னைக் கூப்பிட்டான்னு அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"உங்களைக் கூப்பிடாத எடத்துல என்னைக் கூப்பிட்டான்னு எப்படிச் சொல்லுவேன்? நாளைக்குச் சரியாகும், அடுத்த நோம்பிக்குச் சரியாகும்னு இருந்தேன். அம்மா செத்தப்பவும் சரியாகல." தம்பியிடம் திரும்பினாள். தட்டுக்குக் கை நீட்டினாள். "எனக்கு வரவேண்டியது வந்துருச்சு. குடு."

நாச்சிமுத்து தட்டைக் கொடுத்தான். அவள் துண்டை எடுத்து, ஒரு வெற்றிலையை முந்தானையில் துடைத்து வாயில் போட்டுக்கொண்டாள். அதற்கு மேல் ஊரில் யாரும் எதுவும் சொல்வதற்கில்லை. பாய்களைச் சுருட்ட ஆரம்பித்தார்கள்.

பூசாரி மட்டும் விடவில்லை. நாச்சிமுத்துவின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "இப்ப ஒருக்கா சொல்லிட்டுப் போப்பா. வாங்க மச்சான்னு. வாய் தேஞ்சா போயிரும்?"

"அன்னிக்கே சொன்னதை இன்னிக்கு எதுக்குங்க சொல்லணும்? இப்பச் சொன்னா அன்னிக்குச் சொல்லலைன்னு ஆயிரும்" என்றான் நாச்சிமுத்து.

"இன்னிக்குச் சொன்னா எனக்கும் வேண்டாம்" என்றார் ராக்கியண்ணன், பூசாரியிடம். "இது இன்னிக்குள்ளது. எனக்கு வரவேண்டியது அன்னிக்குள்ளது."

பிற்பகலில் மின்சாரம் வந்தது. தறிகள் ஓட ஆரம்பித்தன. அடைத்த குழாயை மறுபடி திறக்கச் சொல்லி ஊரிலிருந்து சிலர் கெஞ்சிப் பார்த்தார்கள், கருப்பாத்தாள்கூட வந்து கேட்டாள். ராக்கியண்ணன் மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு குழாயில் வந்ததெல்லாம் எஞ்சின் சத்தமா யாருடைய பேச்சா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரே இரைச்சல்தான், கொஞ்ச நாளில் ஊர் அதற்கும் பழகிக்கொண்டது.

கல்யாணத்தன்று காலையில் பாவாத்தாள் பட்டுப்புடவையில் வந்து வாசலில் நின்றாள். "கொண்டுபோய் உடறீங்களா, பஸ்ஸுல போகட்டுமா?"

அவர் வண்டியைத் துடைத்தார். கண்ணாடி துடைத்தார், கைப்பிடி துடைத்தார், துடைத்ததையே துடைத்தார். பிறகு பின்கதவைத் திறந்துவிட்டார், மணப்பெண்ணுக்குத் திறப்பது மாதிரி. வாய்க்கால் ரோட்டுப் பள்ளத்தில் வண்டியை நடத்திக்கொண்டு போகிற மாதிரி இறக்கி ஏற்றினார்.

மண்டபத்து வாசலில் நாச்சிமுத்து நின்றிருந்தான், சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில். பாவாத்தாள் இறங்கினாள். "வாக்கா" என்று அவன் சொன்னது வண்டிக்குள்ளேயே கேட்டது. அவள் சந்தனத்தைத் தொட்டுக் கழுத்தில் தடவிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். உள்ளே பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டது தெரிந்தது. யாரோ அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

ராக்கியண்ணன் கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. இறங்கவுமில்லை. பின்னால் வண்டிகள் வந்து நின்றன, ஒருத்தர் ஹாரன் அடித்தார். அவர் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். பக்கத்துக் கண்ணாடியை அடிவரைக்கும் இறக்கினார். மேளக்காரர்கள் அப்போதுதான் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசலில் அந்த நேரத்தில் ஒரு சத்தமும் இல்லை. கேட்கவில்லை என்று அவரும் சொல்ல முடியாது, சத்தத்தில் அமுங்கிவிட்டது என்று அவனும் சொல்ல முடியாது.

நாச்சிமுத்து வண்டியைப் பார்த்தான். இறங்கியிருந்த கண்ணாடியைப் பார்த்தான். வாயைத் திறந்தான். அதற்குள் பின்னால் நின்ற வேனிலிருந்து சம்பந்தி வீட்டார் பொறுமையில்லாமல் இறங்கி, கான்டெஸாவைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். அவன் கண் அவர்கள் பக்கம் போனது, ரெண்டு கையையும் குவித்து, "வாங்க, வாங்க" என்றான்.

ராக்கியண்ணன் அப்படியே உட்கார்ந்திருந்தார். வருகிறவனுக்கெல்லாம் ரெட்டை ரெட்டையாகக் கிடைத்தது. அவர் கேட்டது ஒத்தைதான்.